முதல் சிடி ஸ்கேன் வீண் போயிற்று; இரண்டாவது பயன்பட என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

செம்மண்தெரு (காரைக்குடி)

அப்பச்சிக்கு (எங்கள் அப்பா) 71 வயது, எடை 62 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரு வேளை. கடைசி கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) 1.5. வயிற்று அல்ட்ராசவுண்டில் கல்லீரல் வலது மடலில் 2.8 செ.மீ. கட்டி மாதிரித் தெரிகிறது, சிடி பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். இங்கேயே கான்ட்ராஸ்ட் (படம் துலங்க நரம்பில் ஏற்றும் மருந்து) இல்லாத சிடி ஸ்கேன் எடுத்தோம். அதன் ரிப்போர்ட்டில் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை, கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கவும்" என்று முடித்துவிட்டார்கள். இப்போது மதுரையில் பார்த்த மருத்துவர் "ட்ரிபிள் ஃபேஸ்" எடுத்து வரச் சொல்கிறார்.

மறுபடி எடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்றாவது தடவை என்ற பேச்சே வரக்கூடாது. எடுக்கும் இடத்தில் என்ன கேட்க வேண்டும், கையில் எதையெல்லாம் வாங்கி வர வேண்டும்? கிரியேட்டினின் 1.5 இருக்கும்போது மருந்து ஏற்றலாமா? கதிர்வீச்சு இத்தனை தடவை தாங்குமா? அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், அங்கே ஒரு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறார். ஃபிலிமை ஜன்னலில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினோம், அது பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

கேன்ட்ரி (சிடி டெக்னீசியன்)

முதல் ஸ்கேன் ஏன் வீணானது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டாவதில் எதைக் கேட்பது என்று தானாகத் தெரியும். சிடியில் ஒவ்வொரு திசுவுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று -1000, நல்ல கல்லீரல் 55 முதல் 60 வரை. கல்லீரலுக்குள் இருக்கும் கட்டியின் எண்ணும் பல சமயம் 40, 50 என்றே இருக்கும். கொழுப்பு படிந்த கல்லீரலில் சுற்றுப்புறமே 40க்குக் கீழே இறங்கிவிடும். சாம்பல் மேல் சாம்பல், என்ன தெரியும்? அதனால் கல்லீரல் கட்டிக்கு மருந்து ஏற்றாத சிடி மட்டும் எடுப்பது பெரும்பாலும் வீண் செலவுதான். சிறுநீரகக் கல்லுக்கு அது அருமையான பரிசோதனை, கட்டிக்கு அல்ல.

ட்ரிபிள் ஃபேஸ் என்றால் ஒரே ஊசி, மூன்று நேரத்தில் படம். மருந்து தமனி வழியாக வந்து சேரும் சுமார் 35ஆம் விநாடியில் ஒன்று, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் நிறையும் 70ஆம் விநாடியில் ஒன்று, 3 முதல் 5 நிமிடம் கழித்து ஒன்று. கட்டி எப்போது வெளுக்கிறது, எப்போது மங்குகிறது என்பதுதான் விடை. ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஆரம்பித்து மெதுவாக நடுவரை நிறைந்தால் ஹெமாஞ்சியோமா, அதாவது தீங்கில்லாத ரத்தக்குழாய் முடிச்சு. முதலில் பளிச்சென்று வெளுத்துப் பிறகு சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தால் கல்லீரல் புற்றுநோய் பக்கம் சந்தேகம் போகும். முதல் கட்டத்தை 10 விநாடி தவறவிட்டால் இந்த வித்தியாசமே போய்விடும். மறுபடி எடுக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அது தவறுவது எங்கே என்றால், முதலில் ஊசிதான். முழங்கை மடிப்பில் 20 கேஜ் கேனுலா (ஊசிக் குழாய்) போட்டால் விநாடிக்கு 3 முதல் 4 மி.லி. வேகத்தில் தள்ளலாம். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.5 மி.லி. கணக்கு, அப்பச்சிக்கு 90 மி.லி. வரும், அரை நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். புறங்கையில் அதைவிட மெல்லிய 22 கேஜ் போட்டு மெதுவாகத் தள்ளினால் தமனிக் கட்டம் நீர்த்துப்போகும். முந்தின நாள்களில் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் ஒரு கையை டிரிப்புக்குக் கொடுக்காமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். குத்திக் குத்திச் சுருங்கிப்போன நரம்பில் இந்த வேகம் தாங்காது. மருந்து வெளியே கசிந்து கை வீங்கும். வீங்கினால் உடனே சத்தம் கொடுக்க வேண்டும், கையை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம். கொப்புளம், மரத்துப்போதல் வந்தால் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது மூச்சு. மேல்வயிறு எடுக்க 10 முதல் 15 விநாடி அசையாமல் மூச்சைப் பிடிக்க வேண்டும். பல மிஷின்களில் கட்டளைக் குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஓடும். காது மந்தமான பெரியவருக்கு அது என்ன புரியும்? "மூச்சை நிறுத்துங்கன்னு தமிழில் மைக்கில் நீங்களே சொல்லுங்க தம்பி" என்று முன்கூட்டியே கேளுங்கள். முந்தின நாளே வீட்டில் நான்கைந்து தடவை பழக்கிவிடுங்கள்: சாதாரணமாக இழு, விடு, இழு, பிடி. மூன்று கட்டத்திலும் ஒரே அளவு மூச்சாக இருக்க வேண்டும். ஒரு தடவை அதிகமாகவும் இன்னொரு தடவை குறைவாகவும் இழுத்தால் கல்லீரல் 2 செ.மீ. ஏறி இறங்கும், சின்னக் கட்டி வேறு வேறு வெட்டில் விழும்.

மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். அது இயல்பு. பதறி அசைந்துவிடாமல் இருக்க இதை அப்பச்சியிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஸ்கேன் முடிந்ததும் கேனுலாவோடு அரை மணி அங்கேயே உட்காருங்கள். அரிப்பு, தடிப்பு, மூச்சிறைப்பு வந்தால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். முன்பு எப்போதாவது இந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி. மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் இதற்கும் தனியாகத் தொடர்பில்லை. அதற்காக ஸ்கேனைக் கைவிட வேண்டியதில்லை.

திட உணவு 4 மணி நேரம் முன்போடு சரி என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இங்கே நேர்த்திக்கடன் மாதிரி ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கூட்டிவருகிறார்கள். சித்திரை வெயிலில் மதுரை வரை பயணம் செய்து, உடல் வறண்ட நிலையில் மருந்து ஏறுவதுதான் சிறுநீரகத்துக்குக் கெடுதல். சர்க்கரைக்காரருக்குக் காலை முதல் நேரத்தை வாங்குங்கள்.

ரிப்போர்ட்_மேசை (ரேடியாலஜிஸ்ட்)

மேலே சொன்னது அனைத்தும் சரி. நான் அதற்கு முந்தின கட்டத்தைச் சொல்கிறேன். என் கணக்கில் ஸ்கேனின் மதிப்பில் பாதி, மருத்துவர் எழுதித் தரும் துண்டுச்சீட்டில்தான் இருக்கிறது. மாவட்ட ஊர்களில் எடுக்கும் படங்கள் பல, இரவோடிரவாக வேறு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ரேடியாலஜிஸ்டுக்குப் போகின்றன. அவர் அப்பச்சியைப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு வருவது படமும் சீட்டும் மட்டும். சீட்டில் "சிடி அப்டமன், வயிற்று வலி" என்று இருந்தால் எல்லாப் பக்கமும் பொதுவாகப் பார்த்துப் பொதுவாகத்தான் எழுத முடியும்.

கல்லீரல் கட்டியில் இதற்கு உயிர்நாடியான ஓர் உதாரணம் இருக்கிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சிர்ரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) உள்ளவரிடம், தமனிக் கட்டத்தில் வெளுத்துப் பிறகு கறுக்கும் கட்டியை பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) இல்லாமலேயே கல்லீரல் புற்றுநோய் என்று முடிவு செய்து சிகிச்சை தொடங்கலாம். அந்த இரண்டும் இல்லாதவரிடம் அதே தோற்றத்தை வைத்து அப்படி முடிவு கட்டக்கூடாது. படம் ஒன்றே, முடிவு வேறு. சீட்டில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ரிப்போர்ட் எழுதுபவர் "கிளினிக்கல் கோரிலேஷன்" (நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்) என்று எழுதி ஒதுங்குவதைத் தவிர வழியில்லை.

ஆகவே மதுரை மருத்துவரிடம் சீட்டில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், அவர் அவசரத்தில் இருந்தால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கவுண்டரில் படத்தோடு சேர்க்கக் கொடுங்கள்: வயது, சர்க்கரை, கிரியேட்டினின் எண், அது எந்தத் தேதியில் எடுத்தது, மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் பி, சி சோதனை முடிவு, மது உண்டா, குடல், வயிறு என்று எங்கேயாவது கட்டிக்கு ஆபரேஷன் நடந்ததா, எடை குறைந்ததா, ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோய்க்குப் பார்ப்பது) ரத்தச் சோதனை பார்த்திருந்தால் அதன் எண். கடைசியில் கேள்வி, கேள்வியாகவே: "வலது மடல் 2.8 செ.மீ. கட்டி, ஹெமாஞ்சியோமாவா, புற்றுநோயா, வேறிடத்திலிருந்து பரவியதா?"

இன்னொன்று தேடுங்கள். 60 தாண்டிய ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்கோ கல்லுக்கோ என்றைக்காவது வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் கல்லீரலைப் பற்றியும் நான்கு வரி இருக்கும். ஐந்து வருடம் முன்பே "2.6 செ.மீ. ஹைப்பர்எக்கோயிக்" என்று எழுதியிருந்தால் கதையே மாறிவிடும். ஹைப்பர்எக்கோயிக் என்றால் வெளிறித் தெரிவது, ஹெமாஞ்சியோமா பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். வருடக்கணக்கில் வளராத கட்டி கெட்ட கட்டியாக இருப்பது அரிது. வீட்டில் இரும்புப் பெட்டி, அலமாரி, பழைய மஞ்சப்பை எல்லாவற்றையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். காசில்லாத, கதிர்வீச்சில்லாத பரிசோதனை அதுதான்.

சிறுநீரகம்: 71 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.5 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) கணக்கு ஏறத்தாழ 49 வரும். கவலைப்படும் எல்லை 30க்குக் கீழே. ஆகவே மருந்து ஏற்றலாம், ஆனால் அந்த 1.5 எப்போது எடுத்தது என்று பாருங்கள். பழையதாக இருந்தால் ஸ்கேனுக்கு முன் புதிதாக ஒன்று எடுங்கள். அது ஏறிக்கொண்டே வந்தால் தள்ளிப்போட்டு முதலில் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலி, மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஸ்கேனை ஒட்டிய நாள்களில் நிறுத்திவிடுங்கள்.

கதிர்வீச்சு: வயிற்று சிடி ஒரு கட்டத்துக்குச் சுமார் 8 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மூன்று கட்டம் 20 முதல் 25 வரை போகும். மண், பாறை, வானம் என்று இயற்கையிலிருந்து நாம் வாங்குவதே வருடத்துக்குச் சராசரி 2.4. அப்படிப் பார்த்தால் சிறிய அளவு அல்ல. ஆனால் கதிர்வீச்சால் வரக்கூடிய புற்றுநோய் தலைகாட்டப் பத்து வருடம், அதற்கும் மேல் ஆகும். 71 வயதில், கல்லீரலில் சந்தேகக் கட்டி இருக்கும்போது, தராசு தெளிவாக ஸ்கேன் பக்கம் சாய்கிறது. இதே மூன்று கட்டத்தை 25 வயதுப் பிள்ளைக்குச் சாதாரண வயிற்று வலிக்கு எடுத்தால் நான் சண்டை போடுவேன். ஒவ்வொரு சிடியிலும் கடைசியில் டோஸ் பக்கம் ஒன்று இருக்கும், அதில் டி.எல்.பி. என்று ஓர் எண். வயிற்றுக்கு அதை 0.015ஆல் பெருக்கினால் தோராய மில்லிசீவர்ட். டி.எல்.பி. 1500 என்றால் 22.5. அந்தப் பக்கத்தையும் டிஸ்க்கில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ முடியுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு இல்லை, ஹெமாஞ்சியோமாவைக் கண்டுபிடிப்பதில் சிடியை மிஞ்சும். நேரம் அதிகம், மூச்சுப் பிடிப்பு இன்னும் அதிகம், செலவும் அதிகம். மூச்சைப் பிடிக்க முடியாத பெரியவருக்கு எம்ஆர்ஐ எடுத்தால் கலங்கிய படம்தான் கிடைக்கும்.

செம்மண்தெரு

மிக்க நன்றி. மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா? ஓரிடத்தில் இரண்டு நாள் முன்பிருந்தே நிறுத்துங்கள் என்கிறார்கள், இன்னோரிடத்தில் வேண்டாம் என்கிறார்கள்.

கேன்ட்ரி

எங்கள் பக்கம் 48 மணி முன்பு, 48 மணி பின்பு என்றுதான் சொல்லிப் பழக்கம்.

ரிப்போர்ட்_மேசை

முன்பே நிறுத்தத் தேவையில்லை தம்பி. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது, மருந்தோடு வினைபுரியவும் செய்யாது. ஒருவேளை ஸ்கேனுக்குப் பிறகு சிறுநீரகம் மந்தமானால் மாத்திரை உடம்பில் தேங்கிவிடும், அதுதான் பயம். அதனால் ஜாக்கிரதை ஸ்கேனுக்குப் பிந்தைய நாள்களுக்குத்தான். இ.ஜி.எஃப்.ஆர். 30க்கு மேல் இருந்து திடீர்ப் பாதிப்பு இல்லையென்றால் நிறுத்தவே வேண்டாம் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் நிலை. 30 முதல் 60 வரை இருந்தால் ஸ்கேன் சமயத்தில் நிறுத்தி 48 மணி கழித்துச் சோதித்துத் தொடங்கு என்பது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிலை. அப்பச்சி 49இல் இருப்பதால் இரண்டாவதைப் பின்பற்றலாம் என்பது என் அபிப்பிராயம்: ஸ்கேன் அன்று காலை மாத்திரை வேண்டாம், 48 மணி கழித்து கிரியேட்டினின், ஏறவில்லை என்றால் தொடங்கலாம். சர்க்கரை மருத்துவர் சம்மதத்தோடு செய்யுங்கள். நான்கு நாள் சும்மா நிறுத்திவிட்டு சர்க்கரை 350க்கு ஏறி நிற்பவர்கள்தான் தொல்லைப்படுகிறார்கள்.

படக்காப்பகம் (ஆஸ்பத்திரி பதிவேடு, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் கம்ப்யூட்டர் வேலை)

ஃபிலிம் போட்டோ ஏன் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிடுகிறேன். ட்ரிபிள் ஃபேஸ் சிடியில் ஆயிரத்துக்கு மேல் படம் இருக்கும். ஒரு பெரிய ஃபிலிமில் 20, 30 கட்டம் அச்சாகும், அதுவும் யாரோ தேர்ந்தெடுத்த வெட்டுகள், யாரோ வைத்த வெளிச்சம். டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கம்ப்யூட்டர் வடிவம்) கோப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் அந்தத் திசுவின் எண் அப்படியே இருக்கிறது, பார்ப்பவர் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், அளக்கலாம், குறுக்குவெட்டை நெடுக்குவெட்டாகத் திருப்பலாம். ஃபிலிமும் வாட்ஸ்அப் போட்டோவும் அதைக் கொன்றுவிடுகின்றன.

கேட்க வேண்டிய வாசகம் இது: "டைகாம் டிஸ்க் வேண்டும், மூன்று கட்டத்திலும் 1 மி.மீ. அல்லது 1.25 மி.மீ. மெல்லிய வெட்டு முழுவதும் வேண்டும்." இதைச் சொல்லாவிட்டால் 5 மி.மீ. வெட்டை மட்டும் ஏற்றித் தருவார்கள். மெல்லிய வெட்டுகள் மிஷின் நினைவகத்தில் இடத்தை அடைப்பதால் சீக்கிரம் அழித்துவிடுவார்கள், சில இடங்களில் சில நாளிலேயே. அடுத்த வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது. எடுத்த அன்றே வாங்குங்கள். ஆபரேஷன் என்று வந்தால் ரத்தக்குழாய் ஓடும் வழியைப் பார்க்க அறுவை மருத்துவருக்கு அந்த மெல்லிய வெட்டுதான் வேண்டும், அது இல்லாததாலேயே மறு ஸ்கேன் எழுதுவார்கள்.

கவுண்டரை விட்டு நகரும் முன் டிஸ்க்கை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெயர், தேதி அப்பச்சியுடையதா, படம் திறக்கிறதா. வெறும் டிஸ்க், அடுத்தவர் பெயர், பாதியில் நின்ற பதிவு மூன்றுமே நடக்கும். இணைப்பு அனுப்புகிறோம் என்றால் அதற்குக் காலாவதி உண்டு, அன்றிரவே இறக்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு: டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். டைகாம்டிர் என்ற கோப்பை விட்டுவிடாதீர்கள், அதுதான் அட்டவணை. முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யுங்கள். ஒரு படம் அரை எம்பி, ஆயிரம் படம் 500 எம்பி. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்ல, டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரை போகும். அண்ணனிடம் கம்ப்யூட்டர் இருந்தால் வீசிஸ் அல்லது மைக்ரோடைகாம் என்ற படம் பார்க்கும் மென்பொருளை இலவசமாக இறக்கித் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். கோப்புக்குள்ளேயே பெயர், வயது, சேர்க்கை எண் எல்லாம் இருக்கும், சொந்தக்காரர் குழுவில் போடாதீர்கள், மருத்துவருக்கு மட்டும். முதல் சிடி, அல்ட்ராசவுண்ட் இரண்டையும் கூடவே அனுப்புங்கள்.

செலவைப் பற்றி ஒன்று. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியே இருப்பதைவிட வெகு குறைவு. மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அதனால் மதுரைதான் என்றில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். ட்ரிபிள் ஃபேஸ் அங்கே எடுக்கிறார்களா, பிரஷர் இன்ஜெக்டர் (மருந்தை வேகமாகத் தள்ளும் மிஷின்) வேலை செய்கிறதா என்று போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், கையால் தள்ளும் ஊசியில் தமனிக் கட்டம் சரியாக விழாது. சீட்டில் ஒரு மையத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும் அங்கேதான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகளே தடை செய்கின்றன.

தேவகோட்டை_ரோடு

இதே இழையில் கேட்டுவிடுகிறேன், ஆச்சி, அண்ணன்மார் மன்னிக்கவும். ஆத்தாவுக்கு 64 வயது, மூன்று வாரமாக இடுப்பு வலி. முழு முதுகெலும்பு எம்ஆர்ஐ சலுகை விலையில் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தோம். எடுத்துவிடலாமா?

ரிப்போர்ட்_மேசை

இவற்றில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது, இருக்கையில் உட்காரும் பகுதி மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய், கீழே விழுந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு. முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் இன்றே ஆஸ்பத்திரி. மற்றவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் பற்றிப் பேசுங்கள். எதுவும் இல்லையென்றால் ஆறு வாரம் மருந்து, நடமாட்டம், உடற்பயிற்சி பார்த்த பிறகுதான் எம்ஆர்ஐ பற்றிப் பேச்சே. எலும்பு தேய்ந்த வயது என்பதால், விழுந்திருந்தால் மட்டும் முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே.

ஏன் தயங்குகிறேன் என்றால், வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. வட்டு (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) தேய்ந்திருந்தவர்கள் 20 வயதிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96. வட்டு பிதுங்கல் அதே வயதுகளில் 30 சதவீதத்திலிருந்து 84. ஆத்தாவுக்கு எடுத்தால் எல்4-எல்5 (இடுப்பின் 4, 5ஆம் எலும்புக்கு இடையே) பிதுங்கல் என்று பெரும்பாலும் ஏதாவது வரும். அந்த வரிக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் படித்துவிட்டு நடப்பதை நிறுத்தி, குனியப் பயந்து படுக்கையில் கிடப்பவர்களுக்குத்தான் வலி நீளுகிறது. முழு முதுகெலும்பு சலுகையில் வேகமாக ஓட்டி எடுக்கும் தடித்த வெட்டுகளில் நரம்பு அழுத்தம் நன்றாகத் தெரியாது என்பதும் உண்டு. தேவைப்படும் நாளில் இடுப்புப் பகுதியை மட்டும், நல்ல மிஷினில், ஒழுங்காக எடுங்கள்.

கேன்ட்ரி

எடுக்க வேண்டி வந்தால் ஆத்தாவிடம் முன்பே சொல்லுங்கள்: சேலை ஊக்கு, கொண்டை ஊசி, இடுப்புக் கயிற்றில் தாயத்து, மெட்டி, எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வருவது நல்லது. தங்கத் தாலியைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடேறலாம், படத்தில் கறுப்புக் குழி விழும். கழற்ற மனமில்லையென்றால் அன்று மஞ்சள் கயிறு கட்டி வரலாம். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தால் கவுண்டரில் அல்ல, முன்பதிவு போனிலேயே சொல்லிவிடுங்கள், அந்தக் கருவியின் அட்டையையும் கொண்டு வாருங்கள்.

செம்மண்தெரு

கடைசியாக இரண்டு. ரிப்போர்ட் வந்ததும் அதில் எதைப் பார்ப்பது? ஃபிலிமை லேமினேட் செய்து வைக்கலாம் என்று சொந்தத்தில் சொன்னார்கள், செய்யலாமா?

படக்காப்பகம்

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். இப்போது வரும் ஃபிலிம்களில் பெரும்பாலானவை வெப்பத்தால் அச்சாகும் வகை, லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். அல்ட்ராசவுண்டில் தரும் சின்னத் தாள் அதைவிட மோசம், அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரின் முன்கண்ணாடிப் பக்கம் போட்டுவிட்டு மத்தியானம் கோயிலுக்குள் போய் வந்தால்கூடப் போச்சு. வீட்டில் வளவுப் பக்கம் வெயில் விழாத உள்ளறை அலமாரி, காகித உறையோடு, நிமிர்த்தி. எண்ணெய்க் கை படாமல். ஆனால் ஃபிலிமை நம்பி இருக்காதீர்கள், டிஸ்க்கை ஒரு பென்டிரைவிலும் ஒரு கம்ப்யூட்டரிலும் நகல் வையுங்கள்.

ரிப்போர்ட்_மேசை

ரிப்போர்ட்டில் முதலில் "கம்பாரிசன்" வரியைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த பழைய படங்களின் தேதி அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கவில்லை என்று பொருள். பிறகு "டெக்னிக்" (எடுத்த முறை) வரியில் மூன்று கட்டமும் சொல்லப்பட்டிருக்கிறதா, மருந்தின் பெயரும் அளவும் இருக்கிறதா. பிறகு நேராக "இம்ப்ரெஷன்", அதாவது முடிவு. 2.8 செ.மீ. கட்டிக்கு அங்கே ஒரு பதிலும் அடுத்து என்ன செய்வது என்றும் இருக்க வேண்டும்.

வயிறு முழுக்க எடுப்பதால் வேறு சிலவும் வரும், பதறாதீர்கள். சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி இந்த வயதில் மிகச் சாதாரணம், பின்தொடரவே வேண்டாம். வலி தராத பித்தப்பைக் கல் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். நுரையீரல் அடிப்பகுதியில் 6 மி.மீ.க்குக் குறைவான ஒற்றை முடிச்சு, புகைப்பழக்கம் இல்லாதவருக்கு, பொதுவாக மறு ஸ்கேன் தேவையில்லை. ஆனால் வேறெங்காவது புற்றுநோய் இருப்பதாகத் தெரிந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். எதற்காவது மறுபடி பார்க்கவும் என்று இருந்தால் எத்தனை மாதம் கழித்து, எந்த வகை ஸ்கேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லீரல் கட்டியைப் பின்தொடர வேண்டி வந்தால் அதே மையத்தில், அதே முறையில் எடுத்தால் ஒப்பிடுவது எளிது.

இம்ப்ரெஷனில் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பழைய ஒப்பீடு விடுபட்டிருந்தால், புது ஸ்கேன் கேட்காதீர்கள், அடெண்டம் கேளுங்கள். அதாவது அதே படத்தைப் பழையதோடு வைத்து மறுபடி பார்த்து எழுதும் இணைப்பு ரிப்போர்ட். விடுபட்ட பழைய டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நல்ல மையங்களில் மறுநாளே எழுதித் தருவார்கள். வாங்கியதும் முதல் ரிப்போர்ட்டின் முன்பக்கமாக வைத்துப் பின் பண்ணிவிடுங்கள். தனித்தாளாக இருந்தால் அடுத்த மருத்துவர் பழையதை மட்டும் படித்துவிட்டு மருந்து எழுதுவார்.